சின்ன வயதில் முதுகுக்குக் கரண்ட் பிடித்தவர்கள் பத்திரப்படுத்த வேண்டிய தாள்

திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றும்போது ஒரு காலுக்குச் சுடுகிறது, மற்றக் காலுக்கு வெறும் தண்ணீர் விழுவதுபோல இருக்கிறது என்றால் அது கிணற்றின் குணம் அல்ல. சூட்டையும் நோவையும் கொண்டுபோகும் நரம்பிழைகள், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிறான முண்ணாணுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டித்தான் மூளைக்கு ஏறுகின்றன. அசைவுக்கான இழைகள் அங்கே பக்கம் மாறுவதில்லை. அதனால் முண்ணாணின் இடப்பக்கத்தை ஏதாவது அமுக்கினால் இடது காலில் பலம் குறையும், வலது காலில் சூடு தெரியாமல் போகும். இப்படி ஒரு ஆள், பத்து, இருபது, முப்பது வருடத்துக்கு முன் பிள்ளையாக இருந்தபோது முதுகுக்கு, கழுத்துக்கு அல்லது வயிற்றுக்குக் கதிர் சிகிச்சை எடுத்தவராகவும் இருந்தால், இந்தப் பதிவு அவருக்கும் அவருடைய வீட்டாருக்கும். அந்தக் கதிரால் பல வருடம் கழித்து முண்ணாணில் வரக்கூடிய புதிய கட்டி பற்றியது இது.

கதிர் சிகிச்சையை எங்கள் ஆட்கள் கரண்ட் பிடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் சொல் நிலைத்துவிட்டது. பழைய கதையை விசாரிக்கும்போது அந்தச் சொல்லையே பாவியுங்கள். "ரேடியோதெரபி எடுத்ததா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டும் அம்மா, "மஹரகமையில கரண்ட் பிடிச்சதா?" என்று கொழும்புக்குப் பக்கத்துப் புற்றுநோய் வைத்தியசாலையின் பெயரைச் சொன்னால் ஓம் என்பார்.

இந்த நோய் அரிது. கதிர் எடுத்துப் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களுக்கு வரும் நாரி நோவில் பெரும்பங்கு, மற்ற எல்லோருக்கும் வருவதைப்போல தசைப்பிடிப்பும், முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டுத் தேய்வும்தான். அமெரிக்காவில் 14,361 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வில், மூளையிலும் முண்ணாணிலும் சேர்த்துப் புதிய கட்டி வந்தவர்கள் 116 பேர். அதில் 66 மெனிஞ்சியோமா, அதாவது மூளை, முண்ணாண் உறையில் வரும் கட்டி; 40 கிளியோமா, அதாவது உள்ளே நரம்புத் திசுவிலேயே வரும் கட்டி. பெரும்பாலானவை தலைக்குள். முண்ணாண் சுண்டுவிரல் தடிப்பான ஒரு கயிறு, கதிர் படும் பரப்பே குறைவு, அதனால் அங்கே வருவது இன்னும் குறைவு. ஆனால் அந்தக் கயிற்றைச் சுற்றி எலும்புக் குழாய் இருக்கிறது. தலைக்குள் சில சென்டிமீற்றர் வளர்ந்தும் சத்தமில்லாமல் இருக்கும் கட்டி, முதுகில் ஒரு சென்டிமீற்றர் வந்தாலே காலை மடக்கிவிடும். அரிது என்று ஒதுக்காமல் எழுதுவது அதனால்தான்.

யாருக்கு இந்தக் கவலை பொருந்தும்? மெடுலோபிளாஸ்டோமா என்ற பின்மூளைக் கட்டிக்கு மூளையும் முழு முதுகும் சேர்த்துக் கதிர் எடுத்தவர்கள் முதல் வரிசை. ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்குக் கழுத்து, நெஞ்சுக்கு எடுத்தவர்கள், வில்ம்ஸ் என்ற சிறுநீரகக் கட்டிக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புக்கலக் கட்டிக்கும் வயிற்றுக்கு எடுத்தவர்கள், எலும்பு மச்சை மாற்றத்துக்கு முன் உடல் முழுவதற்கும் எடுத்தவர்கள் அடுத்து. வில்ம்ஸ் கட்டிக்கு ஒரு விலாப்பக்கம்தானே பிடித்தார்கள் என்று நினைக்கலாம். முள்ளெலும்பின் ஒரு பாதிக்கு மட்டும் கதிர் பட்டால் வளரும்போது முதுகு கோணும் என்பதால், எலும்பின் முழு அகலத்தையும் வேண்டுமென்றே சேர்த்துத்தான் பிடிப்பார்கள். ஆக அந்தத் துண்டு முண்ணாணும் உள்ளே அடங்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. லியூக்கேமியாப் பிள்ளைகளுக்கு முதுகில் ஊசி போடுவார்கள். மெத்தோட்ரெக்செட் மருந்தை முண்ணாண் நீருக்குள் செலுத்தும் ஊசி அது. கதிர் அல்ல, இந்தக் கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய நாளில் லியூக்கேமியாவுக்குத் தலைக்கும் கரண்ட் பிடித்தார்கள், 24 கிரே, பிறகு 18 கிரே என்று. கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. அப்படியானவர்களின் கவலை மூளைப் பக்கம். முதுகில் ஊசி மட்டும் போட்டவர் இதை வாசித்துவிட்டு நித்திரை கெட வேண்டாம்.

கட்டி ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதிர் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் அறுக்கிறது. புற்றுக்கலம் சாவது அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் நல்ல கலங்கள் அறுந்ததை ஒட்டிக்கொள்ளும், சில பிழையாக ஒட்டும். பிள்ளையின் கலங்கள் வேகமாகப் பிரிவதால் பிழையும் சேர்ந்து பெருகும். கதிரால் வரும் மெனிஞ்சியோமாவில் என்.எஃப்.2 என்ற மரபணு இடம்மாறி உடைந்திருப்பதும், கிளியோமாவில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. பெருகியும் சி.டி.கே.என்.2ஏ. தொலைந்தும் இருப்பதும் இந்தப் பிழையின் தடயங்கள். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். ஆனால் குறைந்த அளவும் முற்றிலும் குற்றமற்றது அல்ல. இஸ்ரேலில் தலைப்படைக்காகக் கதிர் பிடித்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மூளைக்குச் சராசரியாகப் பட்டது வெறும் 1.5 கிரே. அவர்களுக்கு மெனிஞ்சியோமா மற்றவர்களைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வந்ததை 1988இல் அறிவித்தார்கள். பரம்பரையாக என்.எஃப்.1, லி-ஃபிரௌமெனி, கோர்லின் போன்ற குறைபாடு உள்ள குடும்பங்களில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மேலே போகும்.

காலக்கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் நோயை ஊகிக்க அதுதான் முதல் துப்பு. கதிர் முடிந்து இரண்டு, மூன்று, நாலு மாதத்தில் கழுத்தைக் குனிந்தால் முதுகால் மின்னல் ஓடுவதுபோல இருந்தால் அது நரம்பின் உறை தற்காலிகமாகத் தேய்ந்தது, அநேகமாகத் தானாக மாறும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் கால் தளர்ந்தால் கதிர் முண்ணாணையே காயப்படுத்தியதா என்றும், பழைய கட்டி திரும்பியதா என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் கிளியோமா வந்த நடுக்காலம் முதல் நோய் கண்டு 9 வருடம், மெனிஞ்சியோமாவுக்கு 17 வருடம். நரம்பு உறைக்கட்டியும் எலும்புச் சார்கோமாவும் இதே நீண்ட பட்டியலில் உண்டு. கட்டியல்லாத ஒன்றும் இருக்கிறது. கேவர்னோமா என்ற மெல்லிய இரத்தக்குழாய்ப் பொட்டலம் கதிர் பட்ட இடத்தில் உருவாகி, ஒருநாள் கசிந்து, ஓரிரு மணித்தியாலத்தில் காலை விழுத்திவிடும். எங்கள் நாட்டில் முள்ளந்தண்டுக் கசநோயையும் மறக்கக் கூடாது. அது தட்டையும் அதன் இருபக்க எலும்பையும் சேர்த்து அரிக்கும், இரவுக் காய்ச்சலும் மெலிவும் வரும். கட்டி தட்டை அப்படியே விட்டுவைக்கும்.

அறிகுறிகளில் நான் மிகவும் மதிப்பது செருப்பு. பாட்டா செருப்போடு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை, பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொல்கிறார். பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மேலே போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கடற்கரை மணலில் பகலில் ஒழுங்காக நடப்பவர் இருட்டியதும் தள்ளாடினால் அதுவும் இதே குறைதான். பகலில் கண் பார்த்துச் சமாளிக்கிறது, இருட்டில் கைவிடுகிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மூச்சு வாங்காமல் கால் மட்டும் பாரமாகி விறைப்பது இன்னொன்று. நோவின் குணமும் வேறு. தட்டு நோ படுத்தால் ஆறும். முண்ணாண் குழாய்க்குள் இருக்கும் கட்டியின் நோ படுத்தால் கூடும், விடியற்புறம் எழுப்பும், நெஞ்சையோ வயிற்றையோ பட்டி போட்டு இறுக்கியதுபோல சுற்றி வரும். சலம் வருவதற்கு முக்கிக்கொண்டு நிற்பது, வந்தது தெரியாமல் நனைவது, புதிதாக மலம் இறுகுவது எல்லாம் பிந்திய அறிகுறிகள். அதுவரை காத்திருக்கக் கூடாது.

இனி பிழை நடக்கும் இடத்துக்கு வருகிறேன். கால் விறைப்பு, நாரி நோ என்று போனால் நாரிப்பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எழுதுவது வழக்கம். வளர்ந்த ஆளின் முண்ணாண் முதலாவது, இரண்டாவது நாரி முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது குதிரைவால் போன்ற நரம்புக் கற்றை மட்டும். நாரிப் படத்தில் மேல் விளிம்பில் முண்ணாணின் கடைசி நுனி கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். கட்டி நெஞ்சு மட்டத்தில், ஆறாவது முள்ளெலும்புக்குப் பின்னால் இருந்தால் அந்தப் படத்தில் அது இல்லவே இல்லை. அதே படத்தில் எல் 4, எல் 5 என்ற நாலாவது, ஐந்தாவது நாரி முள்ளெலும்புகளின் இடையே ஒரு தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கும். முப்பது வயதில் நோவே இல்லாத ஆட்களிலும் அது சாதாரணமாகக் காணப்படும். அறிக்கையில் அது எழுதப்பட்டு, எல்லாப் பழியும் அதன் தலையில் விழும். பிறகு ஆறு மாதம் பெல்ட், குளிசை, எண்ணெய் போட்டு உருவுதல். எக்ஸ்ரே இன்னும் மோசம். எலும்பைத்தான் அது காட்டும், முண்ணாணைக் காட்டாது. எக்ஸ்ரே நல்லம் என்ற சொல்லை நம்பி ஒரு நாளையும் கடத்த வேண்டாம்.

நாரித் தட்டு அமுக்கினால் காலின் முட்டியடி அசைவு குறையும், தசை தொளதொளக்கும். முண்ணாண் அமுங்கினால் அதற்கு நேர்மாறு. முழங்காலில் தட்டினால் கால் துள்ளும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும்பும். சுத்தியலும் ஒரு சாவியும் இருந்தால் ஓ.பி.டி. மேசையிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெருவிரல் மேலே எழும்பும் ஆளுக்கு நாரிப் படத்தை மட்டும் எடுப்பது பிழை. வைத்தியர் இதைப் பார்க்காவிட்டால் பார்க்கும்படி மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை.

கேட்க வேண்டிய படம்: முழு முள்ளந்தண்டு, கழுத்திலிருந்து வாலெலும்பு வரை, கொன்ட்ராஸ்ட் மருந்து போட்டும் போடாமலும். கொன்ட்ராஸ்ட் இல்லாவிட்டால் மெனிஞ்சியோமாவும் நரம்பு உறைக்கட்டியும் சுற்றியுள்ள நீரோடு மறைந்து நிற்கலாம். போட்டால் பளிச்சென்று எழும்பும். இதற்குப் போடும் கடோலினியம் மருந்தின் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், அதாவது 50 கிலோ ஆளுக்கு, மில்லிலீற்றருக்கு அரை மில்லிமோல் செறிவுள்ள மருந்தில் 10 மில்லிலீற்றர். அதற்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்திருக்க வேண்டும். வில்ம்ஸ் கட்டிக்காக ஒரு சிறுநீரகம் எடுத்தவர்கள் இதைத் தவறாமல் சொல்லுங்கள். மல்லாந்து அசையாமல் முக்கால் மணித்தியாலமாவது கிடக்க வேண்டிவரும், படுத்தால் நோ கூடும் ஆளுக்கு முன்கூட்டியே நோக்குளிசை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மூளை நீருக்குக் குழாய் வைத்திருப்பவர்களில் சிலருடைய வால்வு காந்தத்தால் திருகப்படும் வகை. ஸ்கேனுக்குப் பிறகு அதன் இலக்கம் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரத்தக் கசிவு என்று சந்தேகம் வந்தால் இரும்புக் கறையைக் காட்டும் வரிசையையும் சேர்க்கச் சொல்லுங்கள், கேவர்னோமா அதில் கறுப்பாகத் தெரியும். அறிக்கைத் தாளோடு திருப்திப்படாமல் படங்கள் பதிந்த சீ.டி.யையும் வாங்குங்கள். கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைத்தான் பார்ப்பார், அடுத்தவர் எழுதிய வரியை அல்ல.

அவசரம் எது என்பதில் சந்தேகமே வேண்டாம். கால் பலம் நாளுக்கு நாள் குறைகிறது, சலம் அடைத்துவிட்டது, உட்காரும் இடத்தில் உணர்வு போய்விட்டது என்றால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருப்பது அநியாயம். அன்றைக்கே 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியில் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். நடந்துகொண்டு சத்திரசிகிச்சைக்குப் போனவர் நடந்து வீடு வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கால் முழுதாகச் செத்து நாட்கள் கழிந்தபின் கட்டியை எடுத்தாலும் நடை திரும்புவது அரிது. திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அந்தத் தூரம் எங்களுக்கு நேரத்தைத் தின்னுகிறது என்பதால் இங்கே முதல் மேசையில் சொல்லும் முதல் வசனம் மற்ற ஊர்களைவிட முக்கியம்.

அந்த வசனத்துக்குப் பின்னால் நிற்பது பழைய கதிர்த்தாள். இதில்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். முன்பு பட்ட அளவு என்ன என்று தெரியாமல் இப்போது சிகிச்சையைத் தீர்மானிக்கவே முடியாது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மெடுலோபிளாஸ்டோமாவுக்குப் பழைய முறையில் முதுகுக்கு 36 கிரே, ஒரு நாளைக்கு 1.8 வீதம் 20 நாள். பிறகு ஆபத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு அதை 23.4 கிரேயாகக் குறைத்தார்கள், 13 நாள். முண்ணாணுக்கு அது எவ்வளவு பாரம் என்று பார்க்க, 1.8 கிரே வீதம் கொடுத்த மொத்தத்தை 1.9 ஆல் பெருக்குவார்கள். 36 கிரே என்றால் 68.4. 23.4 என்றால் 44.5. இரண்டாம் தடவை கதிர் கொடுக்கும்போது இரண்டு தடவைப் பாரமும் சேர்ந்து 135.5ஐத் தாண்டாமல் வைத்திருப்பது பலரும் கைக்கொள்ளும் எல்லை, இடையில் குறைந்தது ஆறு மாதமாவது சென்றிருக்க வேண்டும். முதலாவது ஆளுக்கு மிச்சம் 67.1, அதை 1.9 ஆல் பிரித்தால் 35 கிரே. கட்டியை அடக்க வழக்கமாகத் தேவைப்படுவது 50 கிரே அளவு. போதாது. இரண்டாவது ஆளுக்கு மிச்சம் 91, அதாவது 48 கிரே. கிட்டத்தட்ட போதும். அந்த எல்லை பெரும்பாலும் பெரியவர்களின் அனுபவத்திலிருந்து வந்தது, பிள்ளை வயதில் பட்டவருக்கு நிபுணர் இன்னும் கையை இறுக்கித்தான் அளப்பார். ஆனாலும் ஒரே கட்டி, ஒரே இடம். ஒருவருக்கு இரண்டாம் கதிர் உண்டு, மற்றவருக்கு இல்லை. வித்தியாசம் முழுவதும் அந்தத் தாளில் இருக்கும் ஒரு இலக்கம்.

தாளில் 3600 என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். பழைய அளவான ராட், இன்றைய சென்டிகிரே இரண்டும் ஒன்றேதான். 100ஆல் பிரித்தால் கிரே. அதைவிட வேறு என்ன இருக்க வேண்டும்? பிடித்தது கோபால்ட் இயந்திரமா, லினாக் என்ற மற்ற வகை இயந்திரமா, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, எத்தனை நாள், எந்த முள்ளெலும்பிலிருந்து எதுவரை, எந்த ஆழத்துக்கு அளவு கணக்கிடப்பட்டது, எங்கேயாவது மேலதிக அளவு கொடுத்ததா. முழு முதுகுக்கும் எடுத்தவர்களுக்கு இன்னொன்று முக்கியம். தலைக்கான கதிர்க்கட்டமும் முதுகுக்கான கட்டமும் கழுத்தில் எங்கோ சந்திக்கின்றன. இரண்டும் சந்திக்கும் அந்த மூட்டு இடத்தை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நகர்த்துவார்கள், இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அந்த இடத்து முண்ணாண் கணக்கில் இல்லாத அளவை வாங்கிவிடும். கழுத்தில் புதிய நோய் தெரிந்தால் மூட்டு எங்கே இருந்தது என்று கேட்பார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மஹரகமதான் பிரதான இடம். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறந்தது 2013இல்தான். வாட்டில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் அநேகமாக "கதிர் கொடுக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கும். கதிர்ப் பிரிவின் சிகிச்சை அட்டை வேறு, அதைத்தான் தேட வேண்டும். தேடப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வருடம், கிளினிக் இலக்கம் எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள். பெயரை அங்கே எப்படி எழுதினார்கள் என்பது பெரிய தொல்லை. தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால், எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. நாலைந்து விதமாக எழுதி ஒரு தாளில் கொண்டுபோனால் தேடுபவருக்கு உதவி.

வீட்டில் இருந்தது போய்விட்டது என்பவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். 1990 இடம்பெயர்வில் விட்டது, 2004 சுனாமியில் அள்ளுண்டது, 2006இல் மூதூர், சம்பூர்ச் சண்டையில் எரிந்தது. தாள் இல்லாவிட்டால் உடம்பைப் படியுங்கள். முதுகின் நடுக்கோட்டில், சில வேளை விலாப்பக்கத்தில், கடுகளவு நீலக்கறுப்புப் புள்ளிகள் இருக்கும். மச்சம் அல்ல, தொட்டால் தட்டையாக இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் கதிரை விழுத்துவதற்காக ஊசியால் மை குத்திய அடையாளங்கள். அந்தப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து, எந்த முள்ளெலும்பு மட்டம் என்று குறித்துப் படமெடுத்து வையுங்கள். அடுத்தது உருவம். முழு முதுகுக்கும் கதிர் பட்டவர் உட்கார்ந்தால் சகோதரங்களைவிடக் கட்டையாக இருப்பார், கால் மட்டும் அளவாக நீண்டிருக்கும். மூன்றாவது, எம்.ஆர்.ஐ. படத்திலேயே இருக்கிறது. கதிர் எலும்பு மச்சையைக் கொன்றால் அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பும், கொழுப்பு டி1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரியும். அளவு கூடினால் அது பெரும்பாலும் நிரந்தரம். வெள்ளை முள்ளெலும்புகள் வரிசையாக வந்து, ஒரு இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல நின்று, அடுத்த எலும்பு சாம்பல் நிறமாகத் தொடங்கும். அந்த வெட்டுத்தான் அன்றைய கதிர்க்கட்டத்தின் விளிம்பு. இருபது வருடம் கழித்தும் அது அங்கேயே நிற்கும். அறிக்கை எழுதும் ரேடியோலஜிஸ்ட்டிடம் இதைக் குறிப்பிடும்படி கேளுங்கள். புதிய கட்டி அந்த வெள்ளைப் பகுதிக்குள் இருக்கிறதா என்பதுதான், கதிரால் வந்ததா என்ற கேள்வியின் முதல் நிபந்தனை. 1948இல் கஹான் என்பவர் வகுத்த விதி இன்றும் அப்படியே: கதிர் பட்ட இடத்துக்குள் வர வேண்டும், வருடக்கணக்கில் இடைவெளி இருக்க வேண்டும், பழைய கட்டியின் இனமாக இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைக்குத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் விடை. படத்தைப் பார்த்தே பழைய நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டுவது ஆபத்து. மெனிஞ்சியோமாவும் நரம்பு உறைக்கட்டியும் முண்ணாணுக்கு வெளியே இருந்து அமுக்குபவை, முழுதாக எடுத்தால் பல வருடம் நிம்மதி. கிளியோமா உள்ளுக்குள் ஊறியது, முழுதாக எடுக்கப் போனால் காலையும் சேர்த்து எடுப்பதாக முடியும், துண்டு எடுப்பதோடு அல்லது அமுங்கிய முண்ணாணுக்கு இடம் விடுவதோடு நிறுத்துவார்கள். இரண்டையும் ஒரே பெயரால் "கான்சர் திரும்பிட்டுது" என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க வைத்தியரிடம் பழைய மருந்துகளைச் சொல்லியே ஆக வேண்டும். டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறியவருக்கு இதய எக்கோ பார்க்க வேண்டும். ஹொட்ஜ்கினுக்கு பிளியோமைசின் எடுத்தவருக்கு ஒட்சிசன் அளவை அவர்கள் கவனமாக வைப்பார்கள். தலைக்குக் கதிர் பட்டவரின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி சோர்ந்திருக்கலாம். ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை எடுப்பவர் என்றால் அன்றைக்கு ஊசியாக மேலதிக அளவு, வழக்கமாக 100 மில்லிகிராம், தேவை. விட்டால் மேசையிலேயே இரத்த அழுத்தம் விழும். கதிர் பட்ட தோலும் முண்ணாண் உறையும் லேசில் ஒட்டாது. காயத்தால் தெளிந்த நீர் கசிந்தால் வியர்வை என்று துடைத்துவிட்டு இருக்காதீர்கள், உடனே காட்டுங்கள், மூளைக்காய்ச்சலுக்கு அது திறந்த வாசல். வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் கொடுப்பார்கள், 4 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நாலு தடவை என்பது வழக்கமான ஒரு அளவு. இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும், வயிற்றுக்குக் காப்பு மருந்து வேண்டும், நன்றாக இருக்கிறது என்று ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கிளியோமாவுக்கு டெமோசொலோமைட் தொடங்கினால் இரத்த அணுக்களை அடிக்கடி எண்ண வேண்டும். மச்சையின் பெரிய பங்கு முள்ளெலும்பில் இருப்பதால், முழு முதுகுக்கும் கதிர் பட்டவருக்குக் கையிருப்புக் குறைவு.

இன்றைக்குப் பிள்ளைக்குக் கதிர் வேண்டும் என்று சொல்லப்பட்ட பெற்றோர் இதை வாசித்துவிட்டு மறுத்துவிடக் கூடாது. மெடுலோபிளாஸ்டோமாவில் கதிரை மறுத்தால் இருபது வருடம் கழித்துக் கட்டி வருமா என்று கவலைப்படப் பிள்ளை இருக்க மாட்டாது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மருந்தால் காலத்தை இழுத்து, கதிரைத் தள்ளிப்போட முயல்கிறார்கள், அதைக் கேட்கலாம். சென்னையில் 2019இல் தொடங்கிய புரோட்டோன் சிகிச்சை பற்றியும் விசாரிக்கிறார்கள். இதயம், குடல், தைரொயிட் எல்லாவற்றையும் அது நன்றாகவே காப்பாற்றுகிறது. ஆனால் முழு முதுகுக்கும் கொடுக்கும்போது முண்ணாணுக்குப் படும் அளவு அதே அளவுதான். காணியை விற்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்கு விபரம் தெரியும் வயதில் சொல்லிவிடுங்கள். பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணப் பேச்சில் பிரச்சினை வரும் என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் முப்பது வயதில் அவள் ஓ.பி.டி. மேசையில் இருக்கும்போது, முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா என்ற கேள்விக்கு ஒன்றும் இல்லை என்று உண்மையாகவே நம்பிச் சொல்வாள். வைத்தியர் நாரிக்குப் படம் எழுதுவார். வருடத்துக்கு ஒருக்கா நரம்புப் பரிசோதனை, நடை, பெருவிரல், சூடு குளிர் பார்த்தல் போதும். அறிகுறி இல்லாதவருக்கு வருடா வருடம் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. வருடப் பரிசோதனைக்கே தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஆள்தான் போவார்.

உணர்வு குறைந்த காலோடு வீட்டுக்கு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் தனிக் கவனம் வேண்டும். நிலாவெளி, உப்புவெளி மணலில் நடுப்பகல் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் கொப்பளித்தது மாலையில்தான் தெரியவரும். சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம். கன்னியாவுக்குப் போனால் தண்ணீரைக் கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இரவில் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது பல் விளக்குவதுபோல வழக்கமாக வேண்டும். சலம் தானாகப் போகாதவர் சுத்தமான குழாயால் நாளுக்கு நாலிலிருந்து ஆறு தடவை எடுக்க வேண்டும், ஒரு தடவையில் 500 மில்லிலீற்றருக்கு மேல் தேங்க விட்டால் சிறுநீரகம் பழுதாகும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்புங்கள்.

தாள் கிடைத்ததும், அல்லது புள்ளிகளையும் படத்தையும் வைத்து ஒன்றை எழுதியதும், ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். நோயின் பெயர், வருடம், இடம், மொத்த அளவு, எத்தனை நாள், மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, எடுத்த மருந்துகள், இப்போது எடுக்கும் குளிசைகள். பிளாஸ்டிக் உறை போட்டு கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் செருகுங்கள், போனில் ஒரு படம், வீட்டில் இன்னொருவரின் போனில் ஒரு படம். ஓ.பி.டி.யில் கொப்பியை நீட்டும்போது வாயாலும் சொல்லுங்கள்: "சின்ன வயசில முதுகுக்குக் கரண்ட் பிடிச்சனான், இந்தத் தாளில இருக்கு. இப்ப செருப்புக் கழண்டா தெரியுதில்ல."